உஸ்தா ஷவ்கி வீட்டில் சாப்பிடாத விருந்தாளி

எங்கள் அப்பா உஸ்தா ஷவ்கி, அதாவது மேஸ்திரி ஷவ்கி, சோபா தைக்கிறவர். அலெக்ஸாந்திரியாவில், துறைமுகத்துப் பக்கம், டிராம் கிறீச்சிட்டுத் திரும்புகிற மூலையில் கீழே கடை, மேலே வீடு. யார் வீட்டு சோபாவில் ஸ்பிரிங் குத்தினாலும் அவரிடம்தான் வருவார்கள். ஆனால் அவர் பேர் சோபாவால் பரவவில்லை, சாப்பாட்டால் பரவியது.

அதற்குக் காரணம் அவர் பிறந்த ஊர். துமியாத்காரர்கள் கஞ்சர்கள் என்று எகிப்து முழுக்க ஒரு கேலி உண்டு. ராத்திரி விருந்தாளி வந்தால், "சாப்பிடுறீங்களா, இல்ல வயிறு லேசா இருக்கட்டும்னு படுத்துக்கிறீங்களா?" என்று கேட்பார்களாம். அப்பா இதை அலெக்ஸாந்திரியாவில் வந்து இறங்கிய அன்றைக்கு டிராமில் கேட்டார். முடி வெட்டப் போன இடத்தில் கேட்டார். என் அம்மா இஃப்பத்தைப் பெண் கேட்கப் போன இடத்தில் அம்மாவின் அண்ணன் பய்யூமி மாமா வாயிலிருந்தே கேட்டார். வேறு ஆளாக இருந்தால் சண்டை போட்டிருப்பார். அப்பா ஊருக்கே சோறு போட்டுப் பழிவாங்க ஆரம்பித்தார்.

மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் எங்கள் வீட்டில் முழுக் கோழி தின்னாமல் கீழே இறங்கியதில்லை. பில் மட்டும் ஒரு நாளும் குறைந்ததில்லை, அது வேறு விஷயம். விருந்தாளி என்றால் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊர் மரியாதை. மூன்று தடவையும் விடாமல் வற்புறுத்துவது வீட்டுக்காரர் மரியாதை. அப்பா மூன்றோடு நிறுத்த மாட்டார். "நீங்க இந்தப் புறாவைச் சாப்பிடலன்னா என் பொண்டாட்டி தலாக்" என்று சத்தியமே செய்துவிடுவார். அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும்.

"சாப்பிட்டுடுங்கண்ணே. போன வாரம்தான் ஒரு வாத்துக்காக என்னைத் தலாக் சொல்லப் பார்த்தாரு. எனக்குப் போக்கிடம் இல்ல."

இப்படிப்பட்ட வீட்டில்தான் என் அண்ணன் ஹைதம் ஒரு மலைப்பாம்பு வளர்த்தான்.

பெரிய பாம்பு இல்லை. விஷம் கிடையாது. அம்மா கையை நீட்டினால் அதைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். பயந்தால் தலையை நடுவில் வைத்து, பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். நிறம் அசல் குனாஃபா இனிப்பு, வெண்ணெயில் வறுபட்டு ஓரத்தில் கொஞ்சம் தீய்ந்த குனாஃபா. அதனால் பேரும் அதுவே. ஹைதம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்துச் சேர்த்து அவளை வாங்கினான். அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம். மகன் ஊசியும் நூலும் எடுப்பான் என்று பார்த்தால் புழு வளர்க்கிறானே என்று. குனாஃபா வந்த நாளிலிருந்து அப்பா அவன் அறைக்குள் கால் வைக்கவில்லை. "அந்தப் புழு" என்றுதான் சொல்வார். அவனும் அப்பாவிடம் தேவைக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டான்.

பிறகு அவனுக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் ஊரில் எல்லாப் பையன்களுக்கும் வருவதுதான். கிளம்புகிற அன்று மதியம் வீடு நிறைய ஆட்கள். மீன் சோறு, பொரித்த இறால், எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு முறை எல்லாம். குனாஃபாவைக் கெய்ரோவில் இருக்கும் தன் நண்பன் சாமிஹ் வீட்டில் விட்டுவிடப் போவதாக ஹைதம் சொன்னான். சாமிஹ் வீட்டில் இப்படி நிறைய பாம்புகள் இருக்கின்றன.

பய்யூமி மாமா இறால் தோலைத் துப்பிவிட்டு, "பாத்தியா ஷவ்கி, பாம்புகூட துமியாத்காரன் வீட்ல தங்க மாட்டேங்குது" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அவ எங்கயும் போக வேணாம். என் வீட்ல யாரும் பசியோட இருந்ததில்ல."

'எதுவும்' என்று சொல்லவில்லை. 'யாரும்' என்றார். 'புழு' போய் 'அவ' வந்திருந்தாள். எனக்கே அது காதில் விழுந்தது என்றால் ஹைதமுக்கு விழாமலா? அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜமாவா அப்பா?"

"நான் என்ன விளையாட்டுக்கா பேசறேன்?"

"சரி. ஹஜ்ஜுப் பெருநாள் லீவுல வருவேன். அதுவரைக்கும் அவ சாப்பிடலன்னா மறைக்காம சொல்லிடுங்க. சாமிஹ்கிட்ட கொண்டு விட்டுடறேன். ஒண்ணும் தப்பில்ல."

"உன் அப்பன் வீட்ல ஒரு ஜீவன் சாப்பிடாம இருக்கறதாவது" என்று அப்பா சிரித்தார். அன்று அவர் கண்ணில் இருந்த சந்தோஷத்தை ஒரு வருஷமாக நான் பார்த்ததில்லை. மகன் அவரை நம்பி ஒன்றைக் கொடுத்திருந்தான்.

ஹைதம் கிளம்பும் முன் அறைக்குள் கூட்டிப்போய் எல்லாம் சொன்னான். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு கூடு. எலிகள் ஃப்ரீசரில் தனி டப்பாவில். ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்துப் பனி இறங்க விட வேண்டும். பிறகு பையில் போட்டு வெந்நீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அடுப்பில் காட்டக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு நீள இடுக்கியால் கொடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு வாரம் பத்து நாளைக்கு அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

"முக்கியமா, அவளைக் கண்டுக்காம விட்டுடுங்கப்பா. அது போதும்."

அப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அண்ணன் டாக்சியில் ஏறிப் போனதும் படியில் நின்று என்னிடம், "நல்ல பிள்ளை. எவ்வளவு மரியாதையா பேசறான் பாரு" என்றார்.

"என்ன மரியாதைப்பா?"

"தன் விருந்தாளிய நம்மகிட்ட விட்டுட்டுப் போறான். 'சிரமப்படாதீங்க, கண்டுக்காதீங்க'ன்னு சொல்றான். அப்படிச் சொல்றது அவன் வளர்ப்பு. அதைக் கேட்டுட்டு நிஜமாவே கண்டுக்காம விட்டா, நெர்மீன், நம்மள மாதிரி ஈனப்பிறவி யாரு?"

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த பகையை முடித்துக்கொண்டவள். அதனால் இதில் எங்கேயோ உதைக்கிறது என்று தெரிந்தும் எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே குனாஃபா வரவேற்பறைக்குக் குடிபோனாள். எங்கள் வரவேற்பறை வருஷம் முழுக்க வெள்ளைத் துணி போர்த்திப் பூட்டியே கிடக்கும். தங்க முலாம் நாற்காலி, பளிங்கு மேஜை, கண்ணாடிச் சரம் தொங்கும் விளக்கு எல்லாம் உண்டு. விருந்தாளி வந்தால்தான் திறப்பு. அப்பா பளிங்கு மேஜை நடுவில் பெட்டியை வைத்து, மேலே அத்தனை பல்பையும் போட்டார். ஹைதம் பெட்டியின் மூன்று பக்கமும் மறைத்து ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்தார். "மூஞ்சி தெரிய வேணாமா?" கூடுகளையும் வெளியே எடுத்தார். "வீட்டுக்கு வந்தவங்களைக் குகையிலயா உட்கார வைப்பாங்க?" அதற்குப் பதில் ஒரு மணப்பெண் சோபாவில் மீந்த சிவப்பு வெல்வெட்டில் சின்ன மெத்தை தைத்துப் போட்டார். ஓரத்தில் குஞ்சம் வேறு.

குனாஃபா அந்த மெத்தையில் பந்தாகச் சுருண்டாள். தலையைக் காணோம்.

முதல் எலியைப் பொன் விளிம்பு போட்ட தட்டில் கொண்டு வந்தார். ஹைதம் சொன்ன இடுக்கியை அவருக்குப் பிடிக்கவில்லை. கையால் எடுத்து, பெரியவர்களுக்கு முதல் வாய் ஊட்டுவது மாதிரி அவள் முன்னே நீட்டினார். அம்மா ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விரலெல்லாம் எலி வாசனை. எது எலி, எது உங்க விரல்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எதால கொடுக்க?"

பக்கத்தில் கபாப் திருப்புகிற இடுக்கி இருந்தது. அதை எடுத்தார். அந்த இடுக்கி அன்றோடு குப்பைக்குப் போனது. அம்மா அப்பாவோடு பேசாமல் இருந்ததும் அன்றுதான்.

குனாஃபா அசையவில்லை. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

"பாத்தியா? முதல் மறுப்பு. நல்ல குடும்பத்துப் பொண்ணு."

மறுநாள் திரும்பக் கொடுத்தார். இரண்டாவது மறுப்பு. அதற்கு மறுநாள் மூன்றாவது. நான்காவது நாள் அவர் முகம் கொஞ்சம் மாறியது. விருந்தாளியைத் தனியாகச் சாப்பிட விட்டதுதான் தப்பு என்று முடிவு செய்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் ஃபூல் என்கிற மொச்சை மசியல் கிண்ணத்தோடு அவள் எதிரே உட்கார்ந்தார். ஒரு வாய் ரொட்டி, ஒரு பார்வை.

"சாப்பிடும்மா. உன் உயிர் மேல ஆணை, நீ தொடலன்னா எனக்கு இறங்காது."

அவருக்கு இறங்கியது. அவளுக்குத்தான் இறங்கவில்லை.

தினமும் ஒன்று. எலி வேண்டாமா, காடை. காடை வேண்டாமா, கோழிக்குஞ்சு. ஒரு நாள் அவித்த முட்டை, அதில் சீரகத்தூள் போட்டு. இடையிடையே அவளைத் தூக்கி மடியில் வைத்து, முதுகைத் தட்டிக் கொடுப்பார், ஏப்பம் வராத குழந்தையைத் தட்டுவது மாதிரி. முடி வெட்டுகிறவர் பார்க்க வந்தார். மீட்டர்காரர் குடும்பத்தோடு வந்தார். வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியைத் தட்டி, "சாப்பிடும்மா, வெட்கப்படாதே" என்றார்கள்.

ஹைதம் வாரம் ஒருமுறை போன் பண்ணுவான். முதல் கேள்வி அதுதான்.

"சாப்பிட்டாளா அப்பா?"

"அல்ஹம்துலில்லாஹ்" என்பார் அப்பா.

இறைவனுக்கே புகழ் என்கிற அந்தப் பதிலை எங்கள் ஊரில் எதற்கும் சொல்லலாம். பரீட்சையில் பாஸானவனும் சொல்வான், பெயிலானவனும் சொல்வான். அதனால் அப்பா பொய் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெருநாள் நெருங்க நெருங்க அவருக்கு ஒரு புது யோசனை வந்தது. குறை சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று. "ஐஸ் போட்ட கறிய எந்த விருந்தாளிக்காவது நான் வெச்சிருக்கேனா? புதுசா வேணும்." பறவைச் சந்தைக்குப் போய் உயிரோடு ஒரு வெள்ளை எலி வாங்கிவந்தார். எங்கள் வீட்டுப் பூனை பார்த்தால் சலாம் போடும், அவ்வளவு பெருசு.

பெட்டிக்குள் விட்டார். அந்த எலிதான் அசல் விருந்தாளி. கூச்சமே இல்லை. வெல்வெட் மெத்தையில் ஏறி உட்கார்ந்தது, மீசையைத் துடைத்தது, குஞ்சத்தைத் தின்றது, தண்ணீர்க் கிண்ணத்தில் குடித்தது. பிறகு குனாஃபாவின் முதுகைக் கடித்துப் பார்த்தது. அவள் இன்னும் இறுகிச் சுருண்டாளே தவிரத் திருப்பிக் கடிக்கவில்லை. நான் மூடியைத் திறந்து துண்டால் எலியைப் பிடிக்கப் போனேன். அது என் கைமேலேயே ஓடி, மேஜையிலிருந்து குதித்து, தங்க முலாம் சோபாவின் அடித்துணியைக் கிழித்து உள்ளே போய்விட்டது. இருபது வருஷம் முன்பு அப்பா கையால் தைத்த சோபா.

கடிபட்ட இடத்தில் ஒரு கீறல், கொஞ்சம் ரத்தம். டாக்சி பிடித்து மிருக டாக்டரிடம் ஓடினோம். டாக்டர் கீறலைத் துடைத்து மருந்து போட்டார். எடை பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல உஸ்தா. ஆரோக்கியமா இருக்கா. இந்த வகை பாம்பு இடம் மாறினா மாசக்கணக்குல கூட சாப்பிடாம இருக்கும். உயிரோட எலி மட்டும் இனிமே விடாதீங்க. உங்க அண்ணன் தம்பி மாதிரி சொல்றேன், பத்து நாளைக்கு அவளைக் கண்டுக்காம விட்டுடுங்க."

வெளியே வந்ததும் அப்பா, "படிச்சவர் இல்ல? எவ்வளவு மரியாதையா பேசறார்" என்றார்.

நான் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பய்யூமி மாமா வந்தார். வரவேற்பறைக்குக் கூட்டிப்போனேன். எந்த இடத்தில் உட்கார வைக்கலாம் என்று யோசித்து, எலி குடியிருக்கிற பக்கத்தையே காட்டினேன்.

"இங்க உட்காருங்க மாமா. இந்தப் பக்கம்தான் மெத்தை பதமா இருக்கு."

உட்கார்ந்தார். டீ குடித்தார். கீழிருந்து சத்தம் வந்தது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். சத்தமும் நகர்ந்தது.

"ஷவ்கி, உன் ஸ்பிரிங் கத்துது."

"புது ஸ்பிரிங் மச்சான்."

"என் பையிலருந்து பிஸ்கட்டை இழுக்குது, அதுவும் புதுசா?"

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. மாமா நாற்காலி மேல் நின்றார். அம்மா ரொட்டிக் கூடையைக் கவிழ்த்து எலியைப் பிடித்தாள். அது வாங்கிய கடைக்கே திரும்பிப் போனது, வந்ததைவிடக் கொழுத்து. ஆனால் நாற்காலி மேல் நின்றபோதே மாமா எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டார். மெத்தை, தட்டு, காய்ந்துபோன காடை, தலை காட்டாத குனாஃபா.

"ஓ. அப்ப ஹைதம் போனதுலருந்து இது சாப்பிடவே இல்லையா?" மெதுவாக இறங்கினார். சிரிப்பு மட்டும் இறங்கவில்லை. "ஷவ்கி, ஷவ்கி. பாம்பையும் வயிறு லேசா படுக்க வெச்சுட்டியேடா."

முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய கேலி. எப்போதும் அப்பா ஒரு தட்டுச் சோற்றால் திருப்பி அடிப்பார். அன்று கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், "பசிக்கலம்மா" என்றார். இவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மேலே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். நானும் போய் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சாமிஹ்க்கு நானே போன் பண்ணிடறேன்" என்றார் அப்பா. "பையன் வந்து பார்த்துட்டு அவமானப்பட வேணாம். ஒண்ணே ஒண்ணு கேட்டான், இஃப்பத். பாத்துக்கங்கன்னு ஒண்ணே ஒண்ணு. இனிமே எதுவும் கேட்க மாட்டான்."

"நாளைக்கு பண்ணலாம். அவளை ஒரு தடவை படகுக்காரன் அழைப்பு அழைச்சுப் பாருங்க."

அப்பா தலை நிமிர்ந்தார். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய வசவு இல்லை. நடு ஆற்றில் போகிற படகுக்காரன் கரையில் நிற்கிறவனைப் பார்த்து, "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடுவான். எப்படியும் வர முடியாது என்று தெரிந்தே கூப்பிடுவது. வாயளவு உபசாரத்துக்கு அதுதான் பெயர். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அப்பா யாரையும் அப்படி அழைத்ததில்லை.

"என் வாயால அதையா?"

"எங்கப்பா படகுக்காரர்" என்றாள் அம்மா. "கல்யாணத்துல பாத்தீங்க. அவர் படகுல உட்கார்ந்து பாத்ததில்லையே. நான் பாத்திருக்கேன். கரையில ஒரு ஆள் பசியோட நிக்கறான்னு தெரிஞ்சா ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். அப்புறம் ரொட்டியும் மீனும் துணியில சுத்திப் படித்துறையில வெச்சுட்டு, துடுப்பைப் போட்டுக்கிட்டுப் போயிடுவார். திரும்பிப் பாக்கவே மாட்டார். நான் திரும்பினாலும் தலையில குட்டுவார்."

"ஏன்?"

"நாம பாத்துட்டே இருந்தா எவனுக்கு இறங்கும்? மீட்டர்காரரைக் கேளுங்க. உங்க எதிர்ல தின்னுட்டு, நம்ம மாடிப்படியில உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டுத்தான் போறாரு."

அப்பா சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அவ மூணு தடவை மறுக்கல, அபு ஹைதம்" என்றாள் அம்மா, ஹைதமின் அப்பா என்று எப்போதும் கூப்பிடுகிற மாதிரி. "ஒரே தடவைதான் மறுத்தா. பயத்துல. நீங்கதான் அவளை விடவே இல்ல."

அப்பா வெகுநேரம் ஊசிப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் கண்டுக்காதீங்கன்னு சொன்னது?"

"கண்டுக்காதீங்கன்னுதான்."

மறுநாள் காலையில் குனாஃபா ஹைதம் அறைக்குத் திரும்பினாள். கூடுகள் இரண்டும் வந்தன. வெல்வெட் மெத்தையை அம்மா பூனைக்குக் கொடுத்தாள். பிய்த்த அட்டைக்குப் பதிலாக அப்பா சோபா உள்துணியில் மூன்று பக்கத்துக்கும் திரை தைத்துப் போட்டார். தையல் அவ்வளவு நேர்த்தி. கதவைச் சாத்தினார். சூடு பார்க்க, தண்ணீர் மாற்ற மட்டும் அம்மா போய்வருவாள். மீட்டர்காரர் வந்து "பொண்ணு எப்படி இருக்கு, ஒரு எட்டுப் பாத்துட்டு..." என்றபோது அப்பா குறுக்கே கை நீட்டி, "தூங்கறா" என்றார்.

அந்த நாட்களில் அவர் பட்ட பாடு விரோதிக்கும் வரக் கூடாது. அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தை எதிர்ச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். ஒரு தடவை அப்படி நடந்து ஆணியில் மோதி நெற்றி வீங்கியது. அவளுக்குப் போடாத சோற்றையெல்லாம் எங்களுக்குப் போட்டார். என் பாவாடை நாடா இரண்டு முடிச்சு இளகியது.

டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. டப்பாவிலிருந்து இந்தத் தடவை சின்ன எலியாக எடுத்தார், அவள் இடுப்புப் பருமனுக்கு மேல் போகாததாக. பனி இறங்கியதும் பையில் போட்டு வெந்நீரில் வைத்தார். அதற்கென்று தனிக் கிண்ணம், வெளியே சிவப்பு நூல் கட்டியது. அம்மா விட மாட்டாளே. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். எலியைத் துணியால் ஒற்றி ஈரம் எடுத்தார். மாலைத் தொழுகை முடிந்து வெளிச்சம் மங்கியிருந்தது. நடையில் ஒரு விளக்கை மட்டும் விட்டு மற்றதெல்லாம் அணைத்தோம்.

நீள இடுக்கியோடு உள்ளே போனார். நான் கதவிடுக்கில் நின்றேன். அவர் முதுகும் முகத்தின் ஒரு பக்கமும் தெரிந்தன. கூட்டின் வாசலில் எலியை வைத்து, இடுக்கியால் ஒரு முறை லேசாக அசைத்தார்.

"பிஸ்மில்லாஹ். சாப்பிடும்மா."

ஒரே ஒரு தடவைதான். உதடு இன்னொரு தடவைக்குக் கூம்பியது, எனக்கு அது பக்கத்திலிருந்து தெரிந்தது. கடித்துக்கொண்டார். மூடியைப் பூட்டினார். திரும்பிப் பார்க்காமல் வந்து கதவைச் சாத்தினார்.

அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஒரு மலை கட்டினார். எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் அம்மா சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு எட்டு..."

"துடுப்பைப் போடுங்க."

நான் சுவரில் நகத்தால் மெதுவாக உரசினால்கூட அவர் துள்ளியிருப்பார். அவரைச் சீண்ட அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததே இல்லை. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் அறைப் பக்கமிருந்து 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. மெத்தையில் கை தட்டியது மாதிரி. அவ்வளவுதான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வெங்காயத்தைப் பார்த்தாள். தண்ணீர்க் குழாய்ச் சத்தமாகவும் இருக்கலாம்.

காலையில் அவருக்குப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. என்னை அனுப்பினார். மெதுவாகத் திரையை விலக்கினேன். கூட்டின் வாசல் காலி. உள்ளே குனாஃபா தளர்வாகச் சுருண்டு கிடந்தாள், தலை வெளியே தெரிந்தது. நடுவில் மாதுளம்பழம் விழுங்கியது மாதிரி ஒரு மேடு.

வெளியே வந்தேன். அப்பா நடையில் நின்றுகொண்டிருந்தார், நெற்றி வீக்கத்தோடு. முகத்தைத் தொங்கப் போட்டு "அப்படியே கிடக்குப்பா" என்று ஒரு நிமிஷம் இழுக்கலாம் என்றுதான் வந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சாப்பிட்டுட்டா."

நடையிலேயே, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார். பிறகு மெதுவாக அம்மாவிடம் கேட்டார்.

"ஒண்ணு போதுமா அவளுக்கு? இன்னொண்ணு வெச்சுப் பார்ப்போமா?"

"அபு ஹைதம்."

"சும்மா கேட்டேன்."

அன்று மதியமே ஹைதம் வந்துவிட்டான், சொன்னதற்கு முந்தின நாள். சீருடை, வெயிலில் கறுத்த முகம், இளைத்த தோள். அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பய்யூமி மாமாவும் அத்தையும் குழந்தைகளும் படியில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவன் பையைக் கீழே போட்டுவிட்டு நேராக அறையைப் பார்த்து நடந்தான். அப்பா கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"அப்பா, இது என் ரூம்."

"ஷ்ஷ். நேத்து சாயங்காலம்தான் சாப்பிட்டா."

ஹைதம் நின்றான்.

"நிஜமாவா?"

"ரெண்டு நாள் யாரும் தொடக் கூடாது. தூக்கினா கக்கிடுவா. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமாவா?"

"தெரிஞ்சா அப்புறம் ஏன் பூட்ஸ் காலோட தடதடன்னு வர்ற? தரை அதிர்றது அவளுக்குத்தான் முதல்ல தெரியும்."

ஹைதம் அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் உத்திரத்தைப் பார்த்தேன்.

"அப்பா, அவ என் பாம்பு."

"இருக்கட்டும். இது என் வீடு. என் வீட்ல விருந்தாளி சாப்பிட்டுட்டு ஓய்வா இருக்கா."

படியில் பய்யூமி மாமாவின் குரல் கணீரென்று கேட்டது. "எங்கடா எங்க சிப்பாய்?" அப்பா ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தாத குறையாக நிறுத்தி, எல்லாரையும் கடைக்குத் திருப்பி அனுப்பினார். அன்று எங்கள் வீட்டுப் பெருவிருந்து கீழே கடையில், தைக்காத சோபாச் சட்டங்கள் மேல் பலகை போட்டு நடக்க வேண்டியதாயிற்று.

மேலே ஹைதமும் அப்பாவும் மட்டும் நின்றார்கள். அப்பா கதவை ஒரு விரல் அளவு திறந்தார். இரண்டு பேரும் ஒருவர் தலைக்கு மேல் ஒருவர் தலை வைத்துப் பார்த்தார்கள். ஹைதம் அந்த மேட்டைப் பார்த்தான், திரையை, அதன் தையலைப் பார்த்தான். அப்பா கதவைச் சாத்தியபோது சத்தமே கேட்கவில்லை.

ஹைதம் போனை எடுத்து சாமிஹைக் கூப்பிட்டான். கிசுகிசுவென்றுதான் பேசினான்.

"டேய், அவளைக் கூட்டிட்டுப் போக வரச் சொன்னேனே, வண்டி எடுத்துட்டு வர வேணாம்... இல்லடா, இங்கயே இருக்கட்டும். அப்பா பாத்துக்கறாரு."

பேசி முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றினான். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் படியை நோக்கிப் போனான். அப்பா அவன் பின்னாலேயே போனார், அவனுக்குத் தட்டு வைக்க.